மூன்றாம் நாளுக்குக் காத்திராத காய்ச்சல்

கற்பிட்டிப் பக்கத்தில் காய்ச்சலுக்கென்று ஒரு வழமை இருக்கிறது. முதல் நாள் பனடோலும் கொத்தமல்லி அவித்த தண்ணீரும். இரண்டாம் நாளும் சூடு இறங்காவிட்டால் ஜீவனிக் கரைசல், கஞ்சி, இளநீர். மூன்றாம் நாள் காலையில் ஏதாவதொரு லேபில் எஃப்பிசி இரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் இறங்கியிருந்தால் ஆசுபத்திரி, இல்லாவிட்டால் வீடு. டெங்கு பழக்கிவிட்ட ஒழுங்கு இது. டெங்குவில் இரத்த எண்ணிக்கை முதல் நாளே எதையும் காட்டிக்கொடுக்காது என்பதால் மூன்றாம் நாள் என்ற கணக்கில் நியாயமும் இருக்கிறது. மாரி தொடங்கி, களப்போரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியதும் இந்த ஊர் உம்மாமார் எல்லோரும் காய்ச்சலுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

என் ராத்தா நாள் எண்ணுவதில்லை, மணி பார்ப்பாள். அவளுடைய மகளுக்குத் தலசீமியா. மண்ணீரலை எடுத்தாகிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையின் காய்ச்சலை மூன்றாம் நாள்வரை வைத்துப் பார்க்க முடியாது. சில வேளை மறுநாள் விடியும்வரை கூட முடியாது.

இரத்தம் குறைந்தால் ஏற்ற வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் விளங்குகிறது. வெளிறிய முகத்தைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள், ஈரலும் பீட்ரூட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். எலும்பு மச்சையில் வந்த நோய் மச்சையோடு நிற்பதில்லை, அது காவல் இருக்கும் இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிடும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்புகள்.

*

இரத்தம் ஏற்றும் நாளில் சுபஹுக்கு முன்பே புறப்பட வேண்டும். கற்பிட்டி பஸ்ஸில் நுரைச்சோலை, பாலாவி தாண்டிப் புத்தளம். அங்கிருந்து நிக்கவெரட்டிய, பாதெனிய வழியாகக் குருநாகல். போதனா வைத்தியசாலையின் தலசீமியா நிலையத்துக்கு வடமேல் மாகாணத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம். தெதுரு ஓயாக் கரைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களும் சிலாபத்துப் பக்கமிருந்து வருகிறவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிறு வயதிலிருந்து ஒரே கட்டில்களில் மாறிமாறிப் படுத்தவர்கள்.

முதலில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். ஒரு நாள் வந்த தொகை ஏழு சொச்சம். பிறகு உடல் சூடு, நாடி, பிரஷர். இரத்த வங்கியிலிருந்து வந்த பையின் இலக்கத்தை இரண்டு மிஸ்மார் சேர்ந்து உரக்க வாசித்துச் சரிபார்ப்பார்கள். ஊசி குத்த நரம்பு தேடுவதுதான் கஷ்டம். வருடக்கணக்காகக் குத்துப்பட்ட புறங்கையில் தோல் தடித்து, ஊசி வழுக்கும். பிள்ளை தானே முழங்கைக்குக் கீழே ஓரிடத்தைத் தொட்டு, "மெதன பலன்ன மிஸ்", இங்கே பாருங்கள் மிஸ் என்று சிங்களத்தில் சொல்வாள். அந்த இடம் தவறியதில்லை. முதல் கால் மணித்தியாலம் துளிகள் மெதுவாக விழும். குளிர், நடுக்கம், முதுகுவலி, சிவந்த தடிப்பு ஏதாவது வருகிறதா என்று மிஸ் கட்டிலை விட்டு நகரமாட்டார். ஒன்றுமில்லை என்று உறுதியானதும் துளி வேகம் கூடும். மூன்று நான்கு மணித்தியாலத்தில் பை ஒட்டிப்போகும். அதற்குள் பிள்ளையின் நகக்கண்களில் நிறம் வந்திருக்கும். திரும்பிவரும் பஸ்ஸில் பாதெனியவில் பகோடா வாங்கித் தரச்சொல்லிக் கேட்பாள். இரத்தம் ஏற்றுவதற்கு முந்திய கிழமையில் அவளுக்கு எதிலும் ருசி இருக்காது.

*

உள்ளே நடப்பதை எனக்கு விளங்கிய அளவில் எழுதிவைக்கிறேன்.

எலும்பு மச்சை நாளொன்றுக்குச் சுமார் இருபதாயிரம் கோடிச் செங்குழியங்களை உண்டாக்குகிறது. வெண்குழியங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. ஒக்சிசன் சுமப்பது, கிருமியோடு பொருதுவது, காயத்தை அடைப்பது என்ற மூன்று வேலைக்கும் ஆள் அனுப்புகிற ஒரே இடம் அது. அதனால் மச்சையில் வரும் நோய் எதுவானாலும், அதன் பெயர் இரத்தசோகை என்றிருந்தாலும், காய்ச்சலின் கதையாகவும் இரத்தப் பெருக்கின் கதையாகவும் மாறக்கூடும்.

ஹீமோகுளோபினில் அல்பா, பீட்டா என்று இரு வகைப் புரதச் சங்கிலிகள் சமமாக இருக்க வேண்டும். பீட்டா தலசீமியாவில் பீட்டா குறைகிறது, துணையில்லாத அல்பா மிஞ்சுகிறது. மிஞ்சியது பிறக்கப்போகும் செங்குழியத்துக்குள்ளேயே படிந்து, அது மச்சையை விட்டு வெளியேறும் முன்பே அதைக் கொன்றுவிடுகிறது. இரத்தம் போதவில்லை என்ற செய்தி சிறுநீரகத்திலிருந்து திரும்பத்திரும்ப வருகிறது. மச்சை இன்னும் கடுமையாக உழைக்கிறது. உழைக்க இடம் போதாமல் எலும்பை உள்ளிருந்து விரிக்கிறது. சரியாக இரத்தம் ஏற்றாத பிள்ளைகளின் கன்ன எலும்பும் நெற்றியும் புடைப்பது அதனால்தான். எலும்பு மெலிந்து சின்ன விழுகையிலும் முறிகிறது. இவ்வளவு பாடுபட்டும் ஊருக்கு வந்து சேரும் செங்குழியம் கொஞ்சம். அதையும் மண்ணீரல் பழுதானது என்று பிடித்து நிறுத்துகிறது. பிடித்துப் பிடித்து மண்ணீரல் பெருக்கிறது, சில பிள்ளைகளுக்குத் தொப்புள்வரை இறங்கிவிடும்.

இந்த உழைப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. விழுந்துவிழுந்து எழும் மச்சை எரித்ரோஃபெரோன் என்ற ஓமோனை வெளியிடுகிறது. 2014-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். குடலிலிருந்து இரும்பு ஏறுவதைத் தடுத்து நிற்கும் ஹெப்சிடினை அது அடக்கிவிடுகிறது. இரத்தம் ஏற்றாத நோயாளிக்கும் சாப்பாட்டிலிருந்தே இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சேர்வது இதனால். பீட்ரூட்டும் ஈரலும் கொடுக்கச் சொல்லும் மாமிமாரிடம் இதை நான் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. சோகை என்றாலே இரும்புக் குறை என்று நினைத்து, நல்ல மனதோடு தவறான மாத்திரையை எடுத்துத் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

*

புத்தளத்து உப்பளத்தில் வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு பாத்தியிலேயே நிற்கும். ஏற்றிய இரத்தமும் அப்படித்தான். கொடுத்தவருடைய செங்குழியங்கள் சில கிழமைகள் ஓடி முடிந்து அழியும், அவற்றிலிருந்த இரும்பு வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு. உடம்பு ஒரு நாளில் இழப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். சுகதேகியான ஒருவருடைய முழு உடம்பிலும் இருப்பது மூன்று, நான்கு கிராம். மாதம் இரண்டு பை ஏற்றுகிற பிள்ளைக்குள் ஒரே வருடத்தில் இன்னொரு முழு மனிதனின் இரும்பு வந்து சேர்ந்துவிடுகிறது.

ஈரலில் படிந்தால் ஈரல் இறுகுகிறது. சதையியில் படிந்தால் சீனி வருத்தம். மூளையடியில் உள்ள கபச்சுரப்பியில் படிந்தால் வளர்ச்சி நின்றுபோகும், வயதுக்கு வருவது தள்ளிப்போகும். இருபதை நெருங்கும் பெண்ணைப் பார்த்து, "எந்த வகுப்புப் படிக்கிறாய்?" என்று கேட்கிறவர்களை ராத்தா பதில் சொல்லாமல் கடந்துபோவதைக் கண்டிருக்கிறேன். இதயத்தில் படிந்தால் துடிப்பு ஒழுங்கு கெட்டு, கடைசியில் இதயமே தளர்ந்துவிடும். தலசீமியா நோயாளிகளை அதிகம் கொண்டுபோனது இதயம். அதற்கு அடுத்தபடி கிருமி.

கிருமிக்கும் இரும்புக்கும் உள்ள உறவைப் படித்தபோது நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பற்றீரியா பெருக இரும்பு வேண்டும். அதனால் சாதாரண உடம்பு, கிருமி வந்ததும் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று இரும்பை ஒளித்துவைப்பது. ஹெப்சிடின் கூடுகிறது, இரத்தத்தில் ஓடும் இரும்பு குறைகிறது, கிருமி பட்டினி கிடக்கிறது. இரும்பு நிரம்பி வழியும் உடம்பால் எதையும் ஒளிக்க முடியாது. இரும்பை விழுங்கி நிறைந்த வெண்குழியங்களுக்கும் கிருமியைப் பிடித்துக் கொல்லும் பலம் குறைந்துவிடுகிறது. உயிர் கொடுப்பதற்காக ஏற்றியதே இப்படிக் கிருமிக்கும் தீனியாகிவிடுகிறது. வேறு வழியும் இல்லை. ஏற்றாமல் இருக்க முடியாது.

*

மண்ணீரலை எடுப்பதும் அவசியத்துக்காகத்தான் நடந்தது. ஏற்றுகிற இரத்தத்தையெல்லாம் அது விழுங்கத் தொடங்கியிருந்தது. இப்போது வைத்தியர்கள் இயன்றவரை எடுக்காமலே பார்க்கிறார்கள், எடுத்தாலும் சிறு வயதில் எடுப்பதில்லை. காரணம் இருக்கிறது. மண்ணீரலை இழந்த கைக்குழந்தைகள் திடீர்க் கிருமித் தாக்கத்தில் இறப்பதை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு அமெரிக்க அறுவை வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். அதுவரை மண்ணீரல் இல்லாமலும் சுகமாக வாழலாம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நியூமோகொக்கஸ் போல மேலே வழுவழுப்பான உறை போர்த்திய கிருமிகளை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்க மண்ணீரலை விட்டால் ஆளில்லை. அவற்றுக்கெதிராக முதலில் எழும் பிறபொருளெதிரிகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. அது இல்லாதபோது தொண்டைவலியாகவோ லேசான குளிராகவோ ஆரம்பிக்கும் ஒன்று சில மணித்தியாலங்களில் பிரஷர் விழுந்து, கைகால் நீலம் பாரித்து, நினைவு தப்பும் நிலைக்குப் போய்விடலாம். தடுப்பூசிகளும் பென்சிலினும் இந்த ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. நாய்க்கடிகூட வேறு அர்த்தம் பெறுகிறது. நாயின் வாயில் சாதாரணமாக வாழும் ஒரு பற்றீரியா மண்ணீரல் இல்லாதவரின் இரத்தத்தில் கட்டுக்கடங்காமல் பெருகும். விசர்நாய்த் தடுப்பூசியோடு மட்டும் அந்தக் கடியை முடித்துவிட முடியாது.

கிருமி மட்டுமல்ல. மண்ணீரல் போனபின் பழுதான செங்குழியங்களும் சிறுதட்டுக்களும் தடையில்லாமல் சுற்றுகின்றன, இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்புக் கூடுகிறது. கால் வீங்கினாலும் மூச்சு வாங்கினாலும் அதையும் காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

*

இந்த மாகாணத்தில் ஏன் இவ்வளவு பேர்?

தலசீமியாவைச் சுமப்பவர்களுக்கு, அதாவது ஒரு மரபணுவில் மட்டும் குறை உள்ளவர்களுக்கு, மலேரியாவிடமிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கலாம் என்று 1949-இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஊகித்தார். தெதுரு ஓயா, மீ ஓயா, கலா ஓயா என்று வறட்சியில் நுளம்பு பெருகும் குட்டைகளாக வற்றும் ஆறுகள் எங்களுக்கு. 1934-35 மலேரியாவில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். குருநாகலும் கேகாலையும் கடுமையாக அடிபட்ட இடங்கள். 1963-இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலை வந்து, சில வருடங்களில் அது திரும்பவும் பெருகியது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012-இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நுளம்பு கொண்டுவந்த சாவு நின்றுவிட்டது. அதற்கெதிராகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மரபணு நிற்கவில்லை. சுமப்பவரைக் காத்தது, இருவரிடமிருந்தும் பெற்றுக்கொண்ட பிள்ளையைக் காக்கவில்லை. குருநாகல் நோயாளிகளிடையே செய்யப்பட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா என்ற வகை உள்ளவர்களில் மலேரியாவின், முக்கியமாக வைவாக்ஸ் மலேரியாவின் தடயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வைவாக்ஸ் இளம் செங்குழியங்களுக்குள்தான் புகும். ஓயாது உழைக்கும் மச்சை இளம் செங்குழியங்களைத்தானே அள்ளி வீசுகிறது. முன்னோரைக் காத்த அதே குறை பேத்தியின் உடம்பில் மலேரியாவுக்கு வாசல் திறந்ததை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, ஒரு பெரிய கனம்தான் வருகிறது.

அந்த ஆய்வின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் டேவிட் வெதரால். இளம் இராணுவ வைத்தியராகச் சிங்கப்பூரில் இருந்தபோது, கூர்க்கா சிப்பாய் ஒருவரின் மகளில்தான் இந்த நோயை முதலில் கண்டார். அவரும் களனிப் பல்கலைக்கழகத்து அனுஜ பிரேமவர்தன முதலானோரும் சேர்ந்து 2000-இல் ‘லான்செட்’டில் எழுதிய கட்டுரை, இலங்கையில் எந்நேரமும் சிகிச்சை வேண்டிநிற்போர் 2,000-க்கு மேல் இருப்பர் என்றும், அவர்களைச் சரியாகப் பராமரிக்கச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 5 சதவீதம் தேவைப்படும் என்றும் மதிப்பிட்டது. அந்தத் தொகைக்குள் எங்கள் வீட்டுப் பிள்ளையும் அடக்கம்.

*

கிருமி வரக்கூடிய இடங்களில் முதலில் களப்பைப் பற்றி.

புத்தளம் களப்பு ஆழமில்லாதது. வற்று நேரத்தில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று மட்டி பொறுக்குவார்கள். சிப்பி ஓட்டில் கால் கிழியும், மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். இந்த இளஞ்சூடான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பற்றீரியா வாழக்கூடும். நல்ல உடம்பை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஈரல் கெட்டவர்களிலும் இரும்பு மிஞ்சியவர்களிலும் காயத்தின் வழியாகவோ சரியாக வேகாத சிப்பியின் வழியாகவோ நுழைந்தால் இரத்தத்தில் கலந்து, கால் முழுவதும் கொப்புளம் எழுப்பி, ஓரிரு நாட்களில் உயிரையே கேட்கும். இரத்தத்தில் கலந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பதில்லை.

மண்ணிலும் ஒன்று இருக்கிறது. மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் வயல் சேற்றிலும் வாழும் பற்றீரியா. இலங்கையில் இதை முதலில் பதிவுசெய்தது 1927-இல். அதன்பின் நீண்ட காலம் அரிதான நோய் என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோகா கொரேயாவும் உடனிருந்தவர்களும் 2006-க்குப் பிறகு தேடத் தொடங்கியபோது நாட்டின் பல பகுதிகளிலும் அது கிடைத்தது. தேடாததால்தான் அதுவரை கிடைக்கவில்லை. சீனி வருத்தக்காரர்களை அது அதிகம் பிடிக்கும், தலசீமியாக்காரர்களையும் விடாது. வழமையாக ஏற்றும் செஃப்ட்ரையக்சோன் இதற்குப் போதாது. வேறு மருந்தை ஊசியாகப் பல நாட்களும் மாத்திரையாகப் பல மாதங்களும் கொடுக்க வேண்டும். மலேசியாவின் சபா மாநிலத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பலர் தலசீமியா நோயாளிகளாக இருந்தார்கள். அங்கே இரும்பகற்றும் சிகிச்சையைச் சீராக்கியபின் அவர்களிடையே அது குறைந்தது. இரும்பை வெளியேற்ற இரவெல்லாம் மருந்து பம்ப் பூட்டிக்கொண்டு படுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல செய்தி அதுதான்.

களப்பையும் தோட்டத்தையும் ஒரு பிள்ளைக்கு விலக்கிவைக்க முடியுமா? வாப்பா வள்ளத்தில் போகிறவர், வீட்டைச் சுற்றி வெங்காயத் தோட்டம். ராத்தா இரண்டு விதிகள்தான் வைத்தாள். மழைக்குப் பிறகு செருப்பில்லாமல் வாசல் தாண்டக்கூடாது, மட்டி நன்றாகக் கொதிக்காமல் தட்டுக்கு வரக்கூடாது. மற்றபடி பெருநாளைக்குப் பிள்ளைகளோடு கண்டக்குழிக் கடற்கரைக்கு அனுப்பிவைக்கிறாள். எனக்கு அவளிடம் மிகப் பிடித்தது இது.

*

இரும்பை வெளியேற்றும் மருந்துகள் மூன்று. முதலாவது டெஸ்ஃபெரால். வயிற்றுத் தோலுக்குக் கீழே மெல்லிய ஊசியைச் செருகி, உள்ளங்கையில் அடங்கும் பம்ப் ஒன்றைப் பூட்டி, இரவு எட்டுப் பத்து மணித்தியாலம் மருந்தைச் செலுத்த வேண்டும், கிழமைக்கு ஐந்தாறு இரவுகள். ராத்தா பிஸ்மி சொல்லித்தான் ஊசியைச் செருகுவாள். காலையில் சிறுநீர் செந்நிறமாக வந்தால் இரும்பு போகிறதென்று சந்தோஷப்படுவாள். அந்த மருந்தே ஒரு மண் நுண்ணுயிரிடமிருந்து பெறப்பட்டது, தனக்கு இரும்பைப் பிடித்துக்கொள்ள அது சுரந்துகொண்ட பொருள். அதனாலேயே யெர்சினியா என்ற குடல் பற்றீரியா அதைத் தனக்கும் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்துவைத்திருக்கிறது. காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் பம்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும்.

இரண்டாவது டெஃபெரிப்ரோன், மாத்திரை. இதயத்திலிருந்து இரும்பை எடுப்பதில் கெட்டிக்கார மருந்து. மிகச் சிலரில் அது வெண்குழியங்களைத் திடீரென வற்றவைத்துவிடும். தொண்டை நொந்து காய்ச்சல் வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்தி, அன்றே இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் எஃப்பிசி என்ற வழமை இங்கேயும் உதவாது. மூன்றாவது டெஃபெராசிரொக்ஸ், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஏற்றும் இரத்தத்தையும் உடம்பு சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. ஏ, பி, ஓ பொருந்தினாலும் ஆர்எச் வகையிலும் கெல் வகையிலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். பலருடைய இரத்தத்தை வருடக்கணக்காகப் பெறும் உடம்பு ஒரு நாள் அவற்றை அந்நியமென்று அடையாளம் கண்டு, பிறபொருளெதிரிகளைச் செய்யத் தொடங்கும். அதன்பின் பொருத்தமான பை தேடுவதே ஒரு வேலை. சில வேளை அந்த எதிர்ப்புத் தன்னுடைய செங்குழியங்களின் மீதே திரும்பிவிடும்.

அந்தப் பைகளைக் கொடுத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இலங்கையின் தேசிய இரத்தமாற்று சேவை 2014 முதல் முழுக்கமுழுக்கத் தன்னார்வக் கொடையாளிகளிடமிருந்தே இரத்தம் பெறுகிறது. காசில்லை, உறவினர் பதிலுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போயா தினத்தில் விகாரையில், ஞாயிற்றுக்கிழமை தேவாலய மண்டபத்தில், பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையில் நின்று கொடுத்தவர்களின் இரத்தம் எங்கள் பிள்ளைக்குள் ஓடுகிறது. இந்த நாட்டில் நடந்ததையெல்லாம் அறிந்தவனாகத்தான் இதை எழுதுகிறேன். 1990-இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரையில் வந்திறங்கிய குடும்பம் எங்களுடையது.

*

குருநாகலில் ஒரு முறை எங்கள் பக்கத்து வாங்கில் காத்திருந்த பெரியவருக்கு வேறு நோய். ஏப்ளாஸ்டிக் அனீமியா. ராத்தாவின் மகளுக்கு மச்சை அடங்காமல் உழைக்கிறது, அவருக்கு மச்சை வெறிச்சோடிப் போயிருக்கிறது. 1888-இல் பவுல் ஏர்லிக் என்ற வைத்தியர் முதலில் விவரித்தது. பெரும்பாலானவர்களில் உடம்பின் சொந்தக் காவல் வெண்குழியங்களே மச்சையின் மூலக் கலங்களைத் தாக்கி அழிக்கின்றன. அதற்கு மருந்து அந்தக் காவலையே அடக்குவது, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பிறபொருளெதிரிகளையும் சைக்ளோஸ்போரினையும் கொடுத்து. ஏற்கெனவே வெண்குழியம் இல்லாதவருக்கு இருக்கிற காவலையும் அடக்குகிறோம் என்று நினைத்தால் நெஞ்சு பதறும். ஆனாலும் பலர் அதில் மீண்டிருக்கிறார்கள். நியூட்ரோஃபில் என்ற வெண்குழியம் 500-க்குக் கீழே போனவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதே விதி.

மச்சை நோய் காய்ச்சலாக வரும் இன்னொரு கதையும் உண்டு. 2020-இல் அமெரிக்காவில் அடையாளம் கண்ட வெக்சஸ் என்ற நோயில், நடுவயது தாண்டிய ஆண்களின் மச்சைக் கலங்களில் இடையில் விழும் ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் ஓயாத காய்ச்சல், தோல் தடிப்பு, காது மூக்குக் குருத்தெலும்பு வீக்கம், கடைசியில் இரத்தசோகை எல்லாம் வருகின்றன. அதற்கு முன் அவர்களை வாதக் கிளினிக்குக்கும் தோல் கிளினிக்குக்கும் மாறிமாறி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேர் மச்சையில் இருந்தது.

*

மச்சை மாற்று. இந்த நோயிலிருந்து முழுதாக விடுபட நெடுங்காலம் இருந்த ஒரே வழி அதுதான். தலசீமியாவுக்கு முதலில் செய்தது 1981-இல், சியாட்டிலில். இந்தியாவின் வேலூர் சிஎம்சி ஆசுபத்திரி 1986-இல் மச்சை மாற்றைத் தொடங்கியது. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போக விசாரிக்கிறவர்கள் உண்டு. கூடப்பிறந்தவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. ராத்தாவின் மகனைப் பரிசோதித்தார்கள், பொருந்தவில்லை. அன்று அவன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, தன்னுடைய பிழை என்பதுபோல. பொருந்தினாலும் புது மச்சையில் பிறக்கும் வெண்குழியங்கள் பழைய உடம்பைத் தாக்கலாம், தோலையும் குடலையும் ஈரலையும். இரும்பு படிந்து இறுகிய ஈரல் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆகவே வருமுன் பார்ப்பதைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ராத்தாவும் மச்சானும் சொந்தத்துக்குள் முடித்தவர்கள். இருவரும் சுகதேகிகள். ஒரு சாதாரண எஃப்பிசியில் செங்குழியத்தின் பருமன் குறைந்திருப்பதைப் பார்த்து, மேலும் ஒரு பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு. சைப்ரஸில் 1980-களிலிருந்து தேவாலயமே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்டது, புதிதாய் நோயோடு பிறக்கும் பிள்ளைகள் அநேகமாக இல்லாமலே போனார்கள். கருவில் நோயைக் கண்டாலும் எங்கள் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இடமில்லை. அந்த விடயத்தில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை இன்னும் அப்படியே நிற்கிறது. ஆகவே பார்க்க வேண்டிய நேரம் நிக்காஹ்வுக்கு முன்புதான். மஹர் எவ்வளவு என்று கேட்கும் அதே சபையில் இதையும் கேட்கலாம் என்பது என் திடமான எண்ணம். குத்பாவில் ஒரு முறை பேசினால் போதும், இந்தக் கரையில் நூறு வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

*

போன மாரியில் ஓர் இரவு ராத்தாவின் மகளுக்குக் குளிர் வந்தது. சூடு 38.4. வேறொன்றும் இல்லை, பேசிக்கொண்டுதான் இருந்தாள். ராத்தா 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தாள், சுவசெரிய வண்டி வந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் அன்றிரவு கடமையில் இருந்தவர், முதல் நாள்தானே, பனடோல் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் எஃப்பிசியோடு வரச்சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அங்கே வந்திருந்த அத்தனை காய்ச்சலுக்கும் அது சரியான பதில். ராத்தா பிள்ளையின் சட்டையை விலக்கி, இடப்பக்கத் தழும்பைக் காட்டினாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். இரத்தம் கல்ச்சருக்கு எடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஊசி போட்டார்கள். விடியும்போது சூடு இறங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு பிள்ளையே ஓர் அட்டை எழுதினாள், மூன்று மொழியிலும். தமிழை நான் திருத்தினேன், சிங்களத்தை குருநாகல் சிநேகிதி ஒருத்தி. இரத்த வகை, உடம்பில் உள்ள பிறபொருளெதிரிகள், மண்ணீரல் அகற்றிய வருடம், எடுக்கும் மாத்திரைகள், காய்ச்சலில் நிறுத்த வேண்டிய மாத்திரை, கிளினிக் இலக்கம். அடியில் ஒரு வரி: "முதலில் அன்டிபயோட்டிக், பிறகு ரிப்போர்ட்." கிளினிக் டொக்டர் வாசித்துப்பார்த்து, அந்த வரியைச் சிவப்பில் அடிக்கச் சொன்னார். பிரதிகளை லெமினேட் செய்து, ஒன்று அவளுடைய பையில், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று முச்சக்கரவண்டித் தம்பியிடம். நியூமோகொக்கஸ் தடுப்பூசியின் அடுத்த டோஸ் எப்போதென்று வரும் கிளினிக்கில் கேட்டு, அந்தத் திகதியையும் சேர்க்க வேண்டும்.